சிக்னல் போனாலும் வேலை நிற்காத ஆப் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகைக் கடைகளில் ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதி, பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். அவர்கள் போகிற பாதைகளில் கொல்லிமலையும் ஒன்று. காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்ததில் இருக்காது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் டெவலப்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அந்த ஆப்பிலிருந்து எடுத்தவை.

சூழலுக்கு ஏற்ப மாறும் ஆப் என்றால் என்ன? சூழல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வசதி கூடும்போதும் குறையும்போதும் தன் வேலையின் அளவையும் தரத்தையும் தானே மாற்றிக்கொள்கிற ஆப். வசதி என்றால் முதலில் நெட்வொர்க். அப்புறம் பேட்டரி, ரேம், ஃபோனின் சூடு, டேட்டாவுக்கு ஆகும் காசு, ஃபோனில் மிச்சமிருக்கும் இடம். மேசைக் கணினியில் இவை பெரும்பாலும் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். அங்கே எழுதிப் பழகியவர்களுக்கு இவற்றைப் பற்றி யோசிக்கவே தோன்றாது. ஃபோனில் 9 மணிக்கு இருந்த நிலைமை 9.05க்கு இருக்காது.

இது ஸ்மார்ட்ஃபோன் வந்த பிறகு வந்த பிரச்சினைதானே?

இல்லை, அதற்கு ரொம்ப முன்பே வந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987-இல் 'கோடா' என்ற கோப்பு முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்தியவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐஐடியில் படித்து அங்கே போனவர். கோப்புகள் சர்வரில் இருக்கும். மடிக்கணினியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனாலும் அந்தக் கோப்புகளில் வேலை செய்ய முடிய வேண்டும். இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட சவால்களில் முக்கியமானது.

கோடா செய்த வழி இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. இணைப்பு இருக்கும்போதே தேவைப்படப்போகிற கோப்புகளை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்கு முன்னால் விறகும் வற்றலும் சேர்த்து வைப்பதைப் போல. இணைப்பு அறுந்ததும் உள்ளூர்ப் பிரதியை வைத்துச் சமாளிக்கும். செய்த மாற்றங்களை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே வரும். இணைப்பு திரும்பியதும் பதிவேட்டை சர்வரில் ஒப்படைக்கும். இன்று 'ஆஃப்லைன் ஃபர்ஸ்ட்' என்று நாம் பேசுவதன் எலும்புக்கூடு இதுதான்.

அதே குழுவினர் 1997-இல் வெளியிட்ட 'ஒடிஸி' என்ற வேலை அடுத்த படி. நெட்வொர்க் மெலிந்தால் தகவலின் தரத்தைக் குறைத்தாவது வேலையைத் தொடர வேண்டும் என்றார்கள். வீடியோ, இணைய உலாவி, பேச்சை எழுத்தாக்கும் நிரல் ஆகியவற்றை வைத்துச் செய்து காட்டினார்கள். பேச்சை எழுத்தாக்க, நெட்வொர்க் நன்றாக இருந்தால் ஒலியை சர்வருக்கு அனுப்பலாம். மோசமானால் முதல் கட்ட வேலையை இங்கேயே முடித்து, சுருங்கிய தகவலை மட்டும் அனுப்பலாம். எந்த நிலைமைக்கு எந்த வழி என்பதை ஓட்டத்திலேயே தீர்மானிக்கலாம்.

சத்யநாராயணன் 1996-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கையில் எடுத்துப்போகும் கருவிக்கு விலகாத குறைகள் என்று நான்கைச் சொன்னார். நிலையாக நிற்கும் கணினியோடு ஒப்பிட்டால் வலு குறைவு. தொலைந்துபோகவும் உடையவும் வாய்ப்பு அதிகம். இணைப்பின் வேகமும் நம்பகமும் மாறிக்கொண்டே இருக்கும். சார்ஜ் தீர்ந்துபோகும். ஃபோனின் வேகம் எத்தனை மடங்கு கூடினாலும் இந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட அடிக்க முடியவில்லை. '5ஜி வந்தாச்சே, இன்னும் எதற்கு இதெல்லாம்' என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளாதா?

ஓரளவுக்குப் பார்த்துக்கொள்ளும். பேட்டரியை மிச்சம்பிடிக்க 2015-இல் ஆண்ட்ராய்டு 6-இல் 'டோஸ்' வந்தது, சும்மா கிடக்கும் ஃபோனில் ஆப்களின் பின்னணி வேலையை அடக்கி வைக்கும் வசதி. 2018-இல் ஆண்ட்ராய்டு 9, எந்த ஆப்பை நீங்கள் எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பார்த்து அதற்கேற்ப ஆப்களை வரிசைப்படுத்தத் தொடங்கியது.

ஆனால் ஆண்ட்ராய்டுக்கு உங்கள் ஆப்பின் உள்ளே இருப்பது தெரியாது. கடைக்காரர் சொன்ன ஆர்டரும், கடை முகப்பின் ஃபோட்டோவும் அதற்கு வெறும் பைட்டுகள். எது இப்போதே போக வேண்டும், எது ராத்திரி போனால் போதும் என்பது ஆப்புக்கு மட்டுமே தெரியும். அதே சமயம், ஃபோனில் ஓடும் மற்ற ஆப்கள் எவ்வளவு நெட்வொர்க்கைத் தின்கின்றன என்பது உங்கள் ஆப்புக்குத் தெரியாது, ஆண்ட்ராய்டுக்குத் தெரியும். நிலைமையை அளப்பது, பங்கு பிரிப்பது இயங்குதளத்தின் வேலை; அந்த நிலைமையில் என்ன செய்வது என்று முடிவெடுப்பது ஆப்பின் வேலை. ஒடிஸி அன்றைக்கே இந்தப் பங்கீட்டைத்தான் சொன்னது. இயங்குதளம் ஆப்களுக்குத் தரும் இன்றைய ஏபிஐகளும் ஏறக்குறைய இப்படியே இருக்கின்றன.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கோட் எழுதுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஆப் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதுங்கள்: இதில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது. மாறுகிற ஆப் என்பதே விட்டுக்கொடுப்பதுதான். எதை விடுவது என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், நெட்வொர்க் அறுகிற நேரத்தில் கோட் தன்னிச்சையாக எதையாவது விட்டுவிடும். பெரும்பாலும் விடக்கூடாததைத்தான் விடும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிரதிநிதி கடைக்குப் போனதும் முகப்பை ஒரு ஃபோட்டோ எடுப்பார், பிறகு ஆர்டரைப் பதிவு செய்வார். நான் எழுதிய முதல் வெர்ஷனில் இரண்டுக்கும் ஒரே அப்லோட் வரிசை. முதலில் வந்தது முதலில் போகும். ஃபோட்டோ 2.5 எம்பி. ஆர்டர் ஒரு கேபி. கொல்லிமலை மேலே செம்மேட்டில் ஒரு நாள் வினாடிக்கு 100 கிலோபிட் அளவில்தான் நெட்வொர்க் கிடைத்தது. அந்த வேகத்தில் ஃபோட்டோ போய்ச்சேர 3 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆர்டர் போக ஒரு வினாடிகூட வேண்டாம். ஆனால் ஃபோட்டோ முன்னால் நின்றது. பாதியில் சிக்னல் அறுந்தது. திரும்ப வந்தபோது ஃபோட்டோ முதலிலிருந்து போகத் தொடங்கியது. மறுபடி அறுந்தது. நாள் முழுக்க எடுத்த ஆர்டர்கள் எல்லாம் அந்த ஒரு ஃபோட்டோவுக்குப் பின்னால் தேங்கி நின்றன. பிரதிநிதி சாயங்காலம் நாமக்கல் இறங்கி வந்த பிறகுதான் குடோனுக்கு ஆர்டர் கிடைத்தது. அதற்குள் லாரி லோடு ஏற்றிப் போயிருந்தது.

இந்தத் தவறில் நெட்வொர்க்கின் பங்கு ரொம்பக் கொஞ்சம். எது முக்கியம் என்று நான் கோடிடம் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது இரண்டும் தனித்தனி வரிசை. ஆர்டர் எந்த நெட்வொர்க் கிடைத்தாலும் உடனே போகும். ஃபோட்டோவை முதலில் சுருக்குவோம். துண்டு துண்டாக அனுப்புவோம். விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆர்டர் வரிசை காலியாக இருந்தால்தான் நகரும்.

ஃபோன் 'நெட்வொர்க் இருக்கிறது' என்கிறது, ஆனால் எதுவும் போகவில்லை. ஏன்?

கோபுரத்தோடு இணைப்பு இருப்பது வேறு, உங்கள் சர்வரை எட்ட முடிவது வேறு. ரயில் நிலைய வைஃபையில் சேர்ந்ததும் ஃபோன் 'இணைந்தது' என்று காட்டும். ஆனால் மொபைல் எண் கொடுத்து ஓடிபி போடும்வரை வெளியே ஒன்றும் போகாது. ஆண்ட்ராய்டு ஒரு சோதனை வேண்டுகோளை அனுப்பிப் பார்த்து, சரியான பதில் வந்தால் 'இணையம் உறுதி செய்யப்பட்டது' என்று குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறியைப் பாருங்கள். வெறும் 'இணைந்தது' என்பதைப் பார்க்காதீர்கள்.

அதையும் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'நெட்வொர்க் இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு அனுப்புவதற்குள் நிலைமை மாறியிருக்கலாம். அனுப்பிப் பார்ப்பதுதான் ஒரே உண்மையான சோதனை. அனுப்பு, தோற்றால் வரிசையில் வை. நெட்வொர்க் திரும்பியது என்ற அறிவிப்பு வந்தால் மறுபடி முயல அது ஒரு நல்ல நேரம். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

சுத்தமாக நெட்வொர்க் இல்லாததை விட, அரைகுறையாக இருப்பதுதான் ஆபத்து. இல்லையென்றால் வேண்டுகோள் உடனே தோற்கும். அரைகுறையாக இருந்தால் திரை சுற்றிக்கொண்டே நிற்கும், ஆளும் நிற்பார்.

ஆர்டரை முதலில் சர்வருக்கு அனுப்பவா, ஃபோனில் எழுதவா?

ஃபோனில் எழுதுங்கள். எப்போதும், நெட்வொர்க் பிரமாதமாக இருக்கும்போதும். பொத்தானை அழுத்தியதும், ஃபோனுக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டில் எழுதிவிட வேண்டும். திரை டேட்டாபேஸிலிருந்து மட்டுமே படிக்க வேண்டும். சர்வரோடு பேசுவது பின்னால் தனியாக நடக்கட்டும். 'நெட் இருந்தால் இந்த வழி, இல்லாவிட்டால் அந்த வழி' என்று இரண்டு பாதை வைத்தால், ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்து எழுதும் நமக்கு இரண்டாவது பாதை சோதிக்கப்படாமலே கிடக்கும். ஒரே பாதை என்றால் அது தினமும் சோதிக்கப்படும்.

ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிறது. என்ன செய்வது?

இது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும். எங்களிடம் 12 பெட்டி பிஸ்கட் 24 பெட்டியாகக் கடையில் இறங்கியது. நடந்தது இதுதான்: ஆர்டர் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது, சர்வர் பதிவு செய்தது, 'சரி' என்று பதில் அனுப்பியது. அந்தப் பதில் வரும் வழியில் சிக்னல் போய்விட்டது. ஆப்பைப் பொறுத்தவரை அனுப்பியது தோற்றது. மறுபடி அனுப்பியது. சர்வரைப் பொறுத்தவரை அது இன்னொரு ஆர்டர்.

போனது தொலைந்ததா, பதில் தொலைந்ததா என்பதை ஃபோனால் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் திரும்ப அனுப்பினாலும் கெடுதல் வராதபடி அமைப்பதுதான் வழி. ஆர்டர் எண்ணை சர்வர் தரும்வரை காத்திருக்காமல், பொத்தானை அழுத்தும் கணத்திலேயே ஃபோனில் ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத தனி அடையாள எண்) உருவாக்கி ஆர்டரோடு சேர்த்து எழுதிவிடுங்கள். சர்வர் டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு 'ஒன்றுக்கு மேல் கூடாது' என்ற கட்டுப்பாடு வையுங்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல், முன்பு சொன்ன அதே 'சரி'யைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கே பலர் சறுக்குவார்கள்: இரண்டாம் முறைக்குப் பிழை என்று பதில் தருவார்கள். ஆப் அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு முயன்றுகொண்டே இருக்கும்.

எண்ணை எப்போது உருவாக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். அனுப்பும் கோடுக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் வரும், பிரச்சினை அப்படியே இருக்கும். நானே முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

தோற்றால் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் முயல வேண்டும்?

இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள்: 10 வினாடி, 20, 40 என்று, ஒரு உச்சவரம்பு வரை. ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் தற்செயலான ஏற்ற இறக்கம் சேருங்கள். இல்லாவிட்டால், சர்வர் 10 நிமிடம் படுத்து எழுந்தால், எல்லா ஃபோன்களும் ஒரே வினாடியில் கதவைத் தட்டி அதை மறுபடி படுக்க வைத்துவிடும். அந்த ஏற்ற இறக்கம் அவற்றைப் பிரித்துவிடும்.

எந்தப் பிழை என்று பார்த்துப் பிரிப்பதும் தேவை. டைம்அவுட், 503 (சர்வர் இப்போதைக்குத் தயாராக இல்லை) போன்றவை காத்திருந்தால் சரியாகும். 400 என்றால் நீங்கள் அனுப்பியதே தப்பு. ஆயிரம் முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். அதை வரிசையிலிருந்து ஒதுக்கி ஆளிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒன்று பின்னால் இருப்பவற்றை எல்லாம் மறித்துவிடும்.

இரண்டு பேர் ஆஃப்லைனில் ஒரே தகவலை மாற்றினால்?

'கடைசியாக மாற்றியவரே சரி' என்பது எளிது, ஆனால் யார் கடைசி என்று ஃபோன் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடிகாரத்தைக் கையால் மாற்றி வைத்திருக்கும் ஃபோன்கள் நிறைய உண்டு. தகவலுக்கு ஒரு வெர்ஷன் எண் கொடுத்து, 'நான் 7-ஆம் வெர்ஷனைப் பார்த்து மாற்றினேன்' என்று ஃபோன் சொல்லட்டும். சர்வரில் இப்போது 9 என்றால் மோதல் என்று தெரிந்துவிடும்.

மோதலே வராதபடி வடிவமைக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. 'இருப்பு = 40' என்று அனுப்பாமல் '12 பெட்டி குறைந்தது' என்று அனுப்பினால், இரண்டு பேர் அனுப்பியதும் எந்த வரிசையில் வந்தாலும் கூட்டல் கழித்தல் சரியாக வரும். இந்த யோசனையைக் கணித ஒழுங்கோடு வளர்த்தவைதான் 2011-இல் முறைப்படி வரையறுக்கப்பட்ட சிஆர்டிடி தரவு அமைப்புகள். பலர் ஒரே ஆவணத்தைச் சேர்ந்து எழுதும் ஆப்களுக்கு அவை அருமையான கருவி. ஆர்டர் எடுக்கும் ஆப்புக்கு அவ்வளவு தேவைப்படாது.

படத்தின் தரம் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

ஒரே எல்லைக்கோட்டை வைத்திருப்பீர்கள். வேகம் வினாடிக்கு 500 கிலோபிட்டுக்கு மேல் என்றால் பெரிய படம், கீழே என்றால் சின்னப் படம். வேகம் 490-க்கும் 510-க்கும் இடையே ஆடினால் ஆப்பும் ஆடும். ஃப்ரிட்ஜைப் பாருங்கள். ஒரு வெப்பநிலையில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும், அதைவிடக் கொஞ்சம் குறைந்த இன்னொன்றில்தான் நிற்கும். நடுவில் இடைவெளி விட்டிருப்பதால்தான் அது நிமிடத்துக்குப் பத்து முறை ஓடி நிற்பதில்லை. அதே போல இறங்க ஒரு எல்லை, ஏற அதைவிட உயரமான இன்னொரு எல்லை. இறங்குவது உடனே, ஏறுவது நிதானமாக. எங்கள் ஆப்பில் முன்பு ஒரு படம் தாமதமானாலே சின்ன அளவுக்கு இறங்கிவிடும். திரும்ப ஏற, தொடர்ந்து 3 முறை நன்றாக வந்திருக்க வேண்டும்.

வீடியோவில் இன்னொரு அழகான வழி உண்டு. நெட்வொர்க் வேகத்தைக் கணிப்பது கஷ்டம், ஆனால் எத்தனை வினாடி வீடியோ கையிருப்பில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். கையிருப்பு நிறைந்தால் தரத்தை ஏற்று, வற்றினால் இறக்கு. 2014-இல் ஸ்டான்ஃபோர்ட், நெட்ஃபிளிக்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேலை இது. வீடியோ நடுவில் நிற்பது அதில் 10 முதல் 20 சதவீதம் குறைந்தது. தெரியாததை ஊகிப்பதைக் காட்டிலும் தெரிந்ததை வைத்து முடிவெடு என்ற இந்தப் பாடத்தை நான் வீடியோவுக்கு வெளியேயும் பயன்படுத்துகிறேன். இப்போது எங்கள் ஆப் வேகத்தை அளப்பதே இல்லை. வரிசையில் எத்தனை ஆர்டர் தேங்கியிருக்கிறது என்று மட்டும் பார்க்கும். தேங்கினால் படங்களை நிறுத்திவிடும்.

பேட்டரியை அதிகம் தின்பது எது?

திரையை விட்டுவிட்டால், அடிக்கடி சின்னச் சின்னதாக அனுப்புவது. ரேடியோ ஒருமுறை எழுந்தால், அனுப்பி முடித்த பிறகும் பல வினாடிகள் விழித்தே இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை 200 பைட் அனுப்பினால் அது சரியாகத் தூங்கவே முடியாது. அவசரமில்லாதவற்றைச் சேர்த்து வைத்து, ஆர்டர் போகும்போது கூடவே ஒட்டி அனுப்புங்கள். எப்படியும் ரேடியோ எழுந்திருக்கிறது.

ஜிபிஎஸ் அடுத்தது. ஆள் நகராதபோது இடத்தைக் கேட்பது வீண். கடைக்குள் 20 நிமிடம் இருப்பவரை 10 வினாடிக்கு ஒருமுறை 'எங்கே இருக்கிறாய்' என்று கேட்காதீர்கள். அப்புறம், ஒருவரை நாள் முழுக்கப் பின்தொடர்வது நிஜமாகவே தேவையா என்றும் யோசியுங்கள். நாங்கள் கடையில் ஆர்டர் எடுக்கும் கணத்தில் மட்டும் இடத்தைக் குறிக்கிறோம். பேட்டரியும் மிஞ்சியது, பிரதிநிதிகளின் மனக்குறையும் தீர்ந்தது.

பின்னணியில் ஓட வேண்டிய வேலை ஓடவில்லை. டோஸ்தான் காரணமா?

இருக்கலாம். சார்ஜில் போடாமல், திரை அணைந்து, ஃபோன் அசையாமல் கிடந்தால் டோஸ் நெட்வொர்க்கை அடைத்துவிடும். அவ்வப்போது கொஞ்ச நேரம் திறக்கும். நேரமாக ஆக அந்த இடைவெளி நீளும். ஆண்ட்ராய்டு 7-இலிருந்து ஃபோன் சட்டைப்பையில் அசைந்துகொண்டிருந்தாலும் இதன் இலகுவான வடிவம் வேலை செய்யும்.

இதோடு மல்லுக்கட்டாதீர்கள். பின்னணி வேலைகளைத் திட்டமிடும் ஆண்ட்ராய்டு நூலகமான ஒர்க்மேனேஜரிடம் வேலையைக் கொடுத்து 'நெட்வொர்க் வேண்டும்', 'சார்ஜில் இருக்க வேண்டும்', 'டேட்டா அளவுக்குக் காசு ஆகாத வைஃபை வேண்டும்' என்று நிபந்தனையை மட்டும் சொல்லுங்கள். நேரத்தை அது பார்த்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். அதைவிட அடிக்கடி வேண்டுமென்றால், ஆள் பார்க்கும்படி நோட்டிஃபிகேஷன் காட்டி முன்னணிச் சேவையாக ஓட்டுங்கள். சில தயாரிப்பாளர்கள் தங்கள் ஃபோன்களில் இதற்கும் மேலே சொந்தக் கட்டுப்பாடுகள் வைத்திருப்பார்கள். அங்கே எதுவும் உத்தரவாதம் இல்லை. அதனால் ஆப்பைத் திறந்த உடனே வரிசையை ஒருமுறை தள்ளிப் பார்க்கும் வழக்கத்தையும் வையுங்கள்.

ஐஃபோனில் 2019-இல் ஐஓஎஸ் 13-ஓடு வந்த பின்னணி வேலைத் திட்டமிடல் உண்டு. அங்கேயும் எப்போது ஓடும் என்பது இயங்குதளத்தின் முடிவு.

ரேம் குறைந்த ஃபோனில் பாதி நிரப்பிய படிவம் காணாமல் போகிறது.

ஆள் ஆர்டருக்கு நடுவே ஒரு கால் பேசுவார், கால்குலேட்டரைத் திறப்பார். அதற்குள் ஆண்ட்ராய்டு உங்கள் ஆப்பைக் கொன்றிருக்கும். அது பிழை இல்லை. ஆண்ட்ராய்டு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும் வரைவாக டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். டெவலப்பர் அமைப்புகளில் 'செயல்பாடுகளை வைத்திருக்காதே' என்ற தேர்வை இயக்கிவிட்டு ஒரு வாரம் உங்கள் ஆப்பையே பயன்படுத்துங்கள். எல்லா ஓட்டையும் தெரிந்துவிடும்.

வெயிலில் ஃபோன் சூடாவதையும் கவனிக்க வேண்டுமா?

வெளியே வேலை செய்பவர்களின் ஆப் என்றால் கட்டாயம். பைக் ஹேண்டிலில் மாட்டிய ஃபோன் அக்னி நட்சத்திரத்தில் தொட முடியாத அளவுக்குச் சூடாகும், தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து சூட்டின் நிலையை ஆப் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 'கடுமை' என்று வந்தால் அசைவுப் படங்கள், வரைபடம், படச்சுருக்கம் எல்லாவற்றையும் தள்ளிப் போடுங்கள்.

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது எல்லாம் அறுந்துவிடுகிறதே?

இணையத்தில் தகவலைக் கொண்டுபோகும் டிசிபி நெறிமுறையில், இணைப்பு இரண்டு முனைகளின் ஐபி முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்து அடையாளம் காணப்படுகிறது. வைஃபையை விட்டு வெளியே வந்ததும் முகவரி மாறும். பழைய இணைப்பு செத்துவிடும். 2021 மே மாதம் தரப்படுத்தப்பட்ட க்விக் நெறிமுறை, இணைப்புக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறது. முகவரி மாறினாலும் இணைப்பைத் தொடர முடியும். சர்வரும் ஆப் நூலகமும் இரண்டுமே இதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தாலும் மேலே சொன்ன வரிசையும் யூயூஐடியும் தேவைதான்.

நெட்வொர்க் போனதைப் பயனரிடம் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

சொல்லுங்கள், ஆனால் அவருக்குத் தேவையானதைச் சொல்லுங்கள். 'இணைப்பு இல்லை' என்று சிவப்புப் பட்டை காட்டினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கேட்பது ஒரே கேள்வி: என் ஆர்டர் என்னாச்சு? 'ஃபோனில் பத்திரமாக இருக்கிறது, 4 ஆர்டர் போக வேண்டும்' என்று சொன்னால் போதும். வாட்ஸ்ஆப்பின் கடிகாரக் குறியும் ஒற்றை டிக்கும் இரட்டை டிக்கும் எல்லோருக்கும் பழக்கம். அதே மாதிரியை நாங்களும் எடுத்துக்கொண்டோம். யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பொய் மட்டும் சொல்லக் கூடாது. சர்வருக்குப் போகாததைப் 'போய்விட்டது' என்று ஒருமுறை காட்டினால் போதும், ஆள் மறுபடி நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கிவிடுவார். எங்கள் பிரதிநிதி ஒருவர் அந்தப் பிஸ்கட் விவகாரத்துக்குப் பிறகு ஆறு மாதம் ஃபோனிலும் நோட்டிலும் இரண்டு முறை எழுதினார். அந்த ஆறு மாத உழைப்பை அவருக்குக் கூடுதலாக வைத்தது என் கோட்.

பழைய தகவலைக் காட்டினால் எப்போது எடுத்தது என்றும் காட்டுங்கள். 'இருப்பு: 40, காலை 8.10 நிலவரம்' என்றால் அவர் தன் அனுபவத்தை வைத்து முடிவெடுத்துக்கொள்வார்.

ஆப் வேண்டாம், வலைத்தளமாகச் செய்தால் போதுமா?

படிக்க மட்டும் என்றால் போதும். 'டேட்டா சேமிப்பு' இயக்கியிருப்பவர்களின் வேண்டுகோளோடு குரோம் போன்ற உலாவிகள் அதைத் தெரிவிக்கும் தலைப்பு ஒன்றை அனுப்பும். சர்வர் அதைப் பார்த்துச் சின்னப் படம் தரலாம். எழுதிச் சேமிக்க வேண்டிய வேலைக்கு நான் தயங்குவேன். சஃபாரியை 7 நாள் பயன்படுத்தியும் உங்கள் தளத்தை ஆள் தொடாவிட்டால், முகப்புத் திரையில் நிறுவாத தளத்தின் சேமிப்பு அழிக்கப்படலாம். அனுப்பாத ஆர்டர் அதில் இருந்தால் போச்சு.

ஆபீஸில் உட்கார்ந்து இதை எப்படிச் சோதிப்பது?

ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் நெட்வொர்க் வேகத்தையும் தாமதத்தையும் குறைத்து வைக்கலாம். ஐஃபோனில் இதற்கு நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் உண்டு. டோஸ் நிலைக்கு ஃபோனை ஏடிபி (கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) மூலம் வலிந்து தள்ளலாம். ஃபேஸ்புக் 2015-இல் தன் ஊழியர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் ஆப் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. நல்ல பழக்கம். நாங்களும் வாரம் ஒரு மணி நேரம் செய்கிறோம்.

கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று: சர்வர் ஆர்டரைப் பதிந்துவிட்டு, பதில் அனுப்பாமல் இணைப்பை அறுக்கும்படி சோதனைச் சர்வரை மாற்றுங்கள். பத்து முறை அறுத்து, பதினோராவது முறை பதில் சொல்லட்டும். டேட்டாபேஸில் ஒரே ஆர்டர் இருக்க வேண்டும்.

முடிந்தால் ஒரு நாள் ஆளோடு பைக்கில் போய்வாருங்கள். வெயிலில் எங்கள் ஆப்பின் மெல்லிய சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரியாது என்பதும், ஒரு கையில் பில் புக்கோடு மறு கையின் கட்டைவிரலால்தான் அவர் எல்லாவற்றையும் அழுத்துகிறார் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பில் எதை முதலில் மாற்றுவது?

முதலில் யூயூஐடி. அதற்கு ஃபோனிலும் சர்வரிலும் சில வரிகள்தான் ஆகும். இரட்டைப் பதிவு நின்றுவிடும். பிறகு, அனுப்புவதற்கு முன் ஃபோனில் எழுதுவது. மூன்றாவது, வரிசையை முக்கியம், முக்கியமில்லை என்று பிரிப்பது. தரம் ஏற்றி இறக்கும் வேலைகளெல்லாம் இவற்றுக்கு அப்புறம்.

கூடவே ஒரு எண்ணைப் பதிவு செய்யத் தொடங்குங்கள்: பொத்தானை அழுத்திய நேரத்துக்கும் சர்வர் 'சரி' சொன்ன நேரத்துக்கும் இடையே எவ்வளவு ஆனது. இரண்டையும் ஃபோனிலேயே, சுவர்க் கடிகாரத்தை நம்பாமல், ஃபோன் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் கணக்கில் அளந்துகொள்ளுங்கள். நடுவில் ஃபோனை அணைத்துப் போட்டிருந்தால் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதைத் தனியாகக் குறித்துவிடுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், மிக அதிக நேரம் காத்திருந்த ஆர்டர்களை எடுத்து, எந்த ஊர், எந்த ஃபோன், வரிசையில் அதற்கு முன்னால் என்ன நின்றது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஃபோட்டோவுக்குப் பின்னால் ஆர்டர் நின்ற கதை எனக்கு அந்தப் பட்டியலில்தான் கிடைத்தது.